பத்து மணிக்குள்

பிராக்டனில் பிப்ரவரி. விடிய இன்னும் நேரமிருக்கிறது.
பின்சீட்டில் ஐஸ் பெட்டி, பெல்ட் போட்டு உட்காரவைத்திருக்கிறேன்.
பத்து மணிக்குள் ரத்தம் எடுத்தாக வேண்டும்.
ஆண்களின் ஹார்மோன் காலையில் உச்சியேறிவிட்டு
கடன்காரன் வருமுன் நழுவுகிறவன் மாதிரி
மதியத்துக்குள் இறங்கிவிடுமாம்.
கையேட்டில் கடன்காரன் இல்லை. அது நான் சேர்த்தது.

முதல் வீடு, டெர்மட் கீகன், அறுபத்தெட்டு.
சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே கேட்கிறார்:
“எண் குறைவாக வந்தால் கடிதம் யார் பேருக்கு வரும்?”
உங்கள் பேருக்குத்தான்.
“தபாலைப் பிரிக்கிறது ஷீலாவாச்சே.”
சமையலறையில் ஒரு சிரிப்பு.
ஊசி ஏறியதை அவர் கவனிக்கவே இல்லை.

இரண்டாவது வீட்டில் லுசியஸ் பெட்டிஃபோர்ட்
அப்போதுதான் பூட்ஸைக் கழற்றுகிறார்.
நாற்பத்தொன்று. இரவு பஸ் ஓட்டுகிறவர்.
“நான் தூங்கப்போகிற நேரம் இது.
உங்களுக்கு வேண்டியது யாருடைய காலை?”
படிவத்தில் அதற்கு இடமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.
நரம்பு தேடும்போது அவரே சொன்னார்:
“பள்ளியில் ஒரு கோச், எங்கள் ரத்தத்தில் அது கூடுதல்,
அதனால்தான் இந்த ஓட்டம் என்பார்.
நான் ஓடியது ஆறரை பஸ்ஸைப் பிடிக்க.”
குழாய் நிறைந்தது.
பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே தூங்கிப்போனார்.

மூன்றாவது அடெலினோ ஃபோர்டஸ். கூரை வேய்கிறவர்,
ஐம்பத்தேழு. பிறந்தது ஃபோகோ தீவில், எரிமலையின் அடிவாரத்தில்.
கையை உடனே நீட்டிவிட்டார். பேனாவைத்தான் நீட்டவில்லை.
கறுப்பர், வெள்ளையர், ஹிஸ்பானியர், மற்றவை.
“அம்மாவின் அப்பா போர்த்துக்கீசியர்,
அப்பாவின் அம்மாவை எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று
எந்தக் கப்பல் கணக்கிலும் இல்லை.
இங்கே போலீஸ்காரருக்கு நான் ஒன்று,
வேலை கொடுக்கிறவருக்கு வேறொன்று.
உங்களுக்கு எது வேண்டும்?”
சுவர்க் கடிகாரம் ஒன்பது ஐம்பது.
உங்களுக்குச் சரியென்று படுவதை, என்றேன்.
மூன்று கட்டங்களில் கோடு போட்டார்,
ஓட்டை எங்கேயென்று தெரியாத கூரையில்
மூன்று இடத்தில் தார் பூசுவது போல.

அன்று மாலை கணினி ஒரே ஒரு கோடுதான் ஏற்கும் என்றது.
என் விரல்தான் ‘மற்றவை’யை அழுத்தியது.

ஒரு வருடம் கழித்து முடிவுகளைத் திரையில் காட்டினார்கள்.
வயது ஏற ஏற ஒரு புரதம் கூடுகிறதாம்;
ஹார்மோனின் தோளில் கைபோட்டுப் பிடித்துக்கொள்கிறதாம்.
மொத்தக் கணக்கில் அது இருக்கும்,
வருகைப் பதிவேட்டில் பெயர் மட்டும் உள்ள ஆள் மாதிரி.
வேலைக்கு வருகிற மிச்சம்தான் வேகமாகக் குறைகிறது.
அந்தக் கோடு சரிகிற விதம்
மூன்று இனத்திலும் ஏறக்குறைய ஒன்றே.
இளவயதில் சின்ன இடைவெளிகள் தெரிந்தன.
இடுப்பளவையும் தூக்கத்தையும் சேர்த்துப் பார்த்ததும்
பாதி காணாமல் போயின.
மீதிப் பாதிக்குக் காரணம் தெரியவில்லை என்றார் மருத்துவர்.
அதை அவர் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அடிக்குறிப்பு சின்ன எழுத்தில் இருந்தது:
‘மற்றவை’ எண்ணிக்கை குறைவு, இன ஒப்பீட்டில் சேர்க்கப்படவில்லை.

முந்தைய படத்துக்குப் போகச் சொன்னேன்.
வயது மட்டும் உள்ள படம். ஆயிரம் புள்ளிகள், நிறமில்லாமல்.
ஐம்பத்தேழுக்கு நேரே நாலைந்து புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக.
அதில் ஒன்று அவர்.

“எதையாவது தேடுகிறீர்களா?” என்றார்கள்.
இல்லை, என்றேன்.
வெளியே வந்தபோது எதிர்க்கட்டிடத்துக் கூரையில் யாரோ
பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.
மணி பத்தைத் தாண்டியிருந்தது.